அதிக நிதியுதவி தேவைப்படும் வீட்டுப் பிள்ளை எர்லி டிசிஷன் போடலாமா?

எடிசன் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் நியூஜெர்சி அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. 2026 இலையுதிர் காலத்தில் கல்லூரி. அவளுக்கு மாசசூசெட்ஸில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிமேல் பித்து. நவம்பர் 1க்குள் எர்லி டிசிஷன் (ஈடி: இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று கையெழுத்திட்டு முன்கூட்டியே போடும் விண்ணப்பம்) போட்டால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்று பள்ளி கவுன்சிலர் சொல்கிறார். அங்கே ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு 90,000 டாலரைத் தாண்டுகிறது.

எங்கள் நிலைமை: இருவர் வருமானமும் சேர்ந்து சுமார் 1,35,000. கிரீன் கார்டு இருக்கிறது. வீட்டுக்கடன் ஓடுகிறது. சென்னை மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட், வாடகைக்கு விட்டிருக்கிறோம். கும்பகோணத்தில் மாமியாருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கு 30,000 கட்டலாம். அதற்கு மேல் முடியாது.

"கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் பணத்துக்கு எங்கே போவது?" என்கிறார் கணவர். மகள் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிளேனோவாசி:

போடாதீர்கள். ஈடி என்பது பணம் ஒரு பொருட்டே இல்லாத வீடுகளுக்காக வந்த ஏற்பாடு. விலை தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதை வைத்துப் பேரம் பேசுவீர்கள்? நாலு கல்லூரிக் கடிதங்களை மேஜைமேல் பரப்பி எது குறைவு என்று பார்க்கும் வசதிதான் நடுத்தரக் குடும்பத்துக்கு மிச்சம். அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறது இந்த முறை.

எங்கள் வீட்டில் பெரியவன் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகமான யூடி டாலஸில் அகாடமிக் எக்ஸலன்ஸ் ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறான். மதிப்பெண்ணுக்குக் கிடைத்த பணம். எங்கள் வருமானத்தை யாரும் தோண்டித் துருவவில்லை. உங்கள் மகள் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் அந்த மாதிரி இடங்களைத் தேடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

பிளேனோ சார் சொல்வது பாதி சரி. மதிப்பெண்ணுக்குத் தரும் பணத்தை நம்பியிருப்பவர்கள் ஈடி போடக்கூடாது. அந்தத் தொகை கல்லூரிக்குக் கல்லூரி தாறுமாறாக மாறும், ஒப்பிட்டுப் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் எடிசன் அம்மா கேட்பது அது இல்லை. அந்த வகைக் கல்லூரிகளில் பல மதிப்பெண்ணுக்கு ஒரு டாலர்கூடத் தருவதில்லை. குடும்பத் தேவைக்கு மட்டும்தான் தருகின்றன. ஐவி லீக் எட்டும் அப்படித்தான். அங்கே தேவையைக் கணக்கிடும் சூத்திரம் ஈடிக்கும் வழக்கமான ரெகுலர் சுற்றுக்கும் ஒன்றே. ரெகுலரில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்று எண்ண இடமில்லை.

அதனால் முதலில் பார்க்கவேண்டியது: அந்தக் கல்லூரி, கணக்கிட்ட தேவை முழுவதையும் தருவதாக எழுத்தில் சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் பேச்சே வேண்டாம், ஈடி போடாதீர்கள்.

சொல்கிறது என்றால் அடுத்த வேலை, உதவித்தொகை போகக் குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்று தோராயமாகக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர். மத்திய அரசின் மாணவர் உதவியைப் பெறும் ஒவ்வொரு கல்லூரியும் 2011 அக்டோபரிலிருந்து அதைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். வெல்லெஸ்லியில் 2013இல் தொடங்கிய மைஇன்டியூஷன் என்ற சுருக்கக் கால்குலேட்டரையும் பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. அது சில கேள்விகளோடு முடிந்துவிடும், தோராயம்தான். நீங்கள் நீளமானதையே போடுங்கள். வரி ரிட்டர்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். 2026இல் சேர்பவர்களுக்கு 2024 வருமானம்தான் அடிப்படை, அது ஏற்கெனவே கையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சொந்தத் தொழில், பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பம், வாடகைச் சொத்து, வெளிநாட்டுச் சொத்து, இவை இருந்தால் கால்குலேட்டர் தடுமாறும். உங்களுக்குக் கடைசி இரண்டும் இருக்கின்றன. மேடவாக்கம் ஃபிளாட்டை "மற்ற ரியல் எஸ்டேட்" என்ற இடத்தில் போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை ஓட்டுங்கள். பெற்றோரின் சொத்தில் ஏறக்குறைய 5 சதவீதத்தை ஆண்டுதோறும் படிப்புக்குத் தரமுடியும் என்று கணக்கிடுவது வழக்கம். ஃபிளாட் 80 லட்சம் ரூபாய் என்றால் இன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 90,000 டாலர். ஆண்டுக்கு 4,500 கூடும். நாலு வருடமும்.

பிள்ளைகள் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் அதையும் கவனியுங்கள். பெற்றோர் பணத்தில் 5 சதவீதம் எடுக்கும் அதே கணக்கு, பிள்ளையின் பணத்தில் 20, 25 சதவீதம் என்று எடுத்துவிடும். படிப்புக்கான 529 சேமிப்புக் கணக்கு பெற்றோர் சொத்தாகத்தான் சேரும், பயமில்லை. 401கே ஓய்வுக்காலச் சேமிப்பைச் சேர்ப்பதில்லை.

பிளேனோவாசி:

எல்லாம் சரி, "தேவை முழுவதும்" என்கிறீர்களே, தேவை எவ்வளவு என்று முடிவு செய்வது யார்? கல்லூரி. அவர்கள் 45,000 கட்டமுடியும் என்று சொன்னால் 45,000தான். அவர்கள் கணக்கில் தேவை முழுவதும் தந்தாயிற்று. இவர்களிடம் இருப்பது 30,000.

கணக்குப்பிள்ளை:

அதனால்தான் நவம்பருக்கு முன்பே கால்குலேட்டரைப் போடச் சொல்கிறேன். 45,000 என்று வந்தால் ஈடி போடவேண்டாம், அவ்வளவுதான்.

பழைய மாணவி:

அக்கா, நான் ஈடியில் சேர்ந்து பெரும் உதவியோடு படித்து முடித்தவள். அப்பா கிராசரி கடையில் வேலை பார்த்தார். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

டிசம்பர் நடுவில் சேர்க்கைக் கடிதம் வந்தபோதே உதவித்தொகைக் கடிதமும் கூடவே வந்தது. முதலில் வந்த தொகை பற்றவில்லை. அப்பாவுக்கு முந்தைய ஆண்டு ஓவர்டைம் இருந்தது, அது நின்றுபோயிருந்தது. நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதினோம், சம்பளச் சீட்டுகளை அனுப்பினோம். ஜனவரி தொடக்கத்தில் திருத்திய கடிதம் வந்தது. அந்த இடைவெளியில் மற்ற கல்லூரி விண்ணப்பங்களை நான் ரத்து செய்யவில்லை. உதவி கேட்ட மாணவர் உதவித்தொகை முடிவு தெரியும்வரை மற்ற விண்ணப்பங்களை வாபஸ் வாங்கவேண்டியதில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று. மாணவர், பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்திடும் அந்த ஈடி ஒப்பந்தத்தைக் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் முழுசாக வாசியுங்கள். படிப்பைச் சாத்தியமாக்கும் அளவுக்கு உதவி கிடைக்காவிட்டால் இடத்தை மறுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விடுபடலாம் என்று அதிலேயே இருக்கிறது. நீதிமன்றமும் இல்லை, அபராதமும் இல்லை. ஆனால் இதை நம்பி "போட்டுத்தான் பார்ப்போமே" என்று இறங்காதீர்கள். டிசம்பரில் மகளுக்குப் பிடித்த கல்லூரி இடம் கொடுத்த பிறகு வேண்டாம் என்று எழுதுவது கணக்கு மட்டும் இல்லை.

வருமானம் மிகக் குறைவாக உள்ள வீட்டார் யாராவது இதை வாசித்தால்: வசதியில்லாத பிள்ளைகளைக் கல்லூரிகளோடு இணைக்கும் குவெஸ்ட்பிரிட்ஜ் மேட்ச் என்ற திட்டம் ஒன்று இருக்கிறது. நாலு பேர் குடும்பத்துக்கு 65,000 டாலருக்குக் கீழே வருமானம் உள்ளவர்கள்தான் பெரும்பாலும் தேர்வாகிறார்கள். செப்டம்பர் இறுதிக்குள் விண்ணப்பம், டிசம்பர் 1 முடிவு. மேட்ச் ஆனால் நாலு வருடமும் முழு உதவி. ஈடி பற்றி யோசிக்கும் முன் அதைப் பாருங்கள்.

கோவை பையன்:

நான் கோயம்புத்தூர். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா, அம்மா வருமானம் சேர்த்து ஆண்டுக்கு 14 லட்சம். அமெரிக்காவில் படிக்க ஆசை. முதலில் உதவி வேண்டாம் என்று போட்டு இடம் வாங்கிவிட்டு, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்கிறார் இங்குள்ள ஒரு கன்சல்டன்ட். ஈடி போட்டால் இன்னும் சுலபம் என்கிறார். நம்பலாமா அண்ணா?

கணக்குப்பிள்ளை:

நம்பவேண்டாம் தம்பி. வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காவிட்டால், பல கல்லூரிகளில் நாலு வருடமும் கேட்கமுடியாது. அதோடு, விசாவுக்கான ஐ-20 படிவம் தருவதற்கு முன்பே முதல் வருடப் பணம் இருக்கிறதா என்று காட்டச் சொல்வார்கள்.

உங்கள் நிலைமை எடிசன் அம்மாவின் நிலைமையிலிருந்து வேறு. அமெரிக்கக் குடியுரிமை, கிரீன் கார்டு உள்ளவர்களிடம் உதவி கேட்பதைப் பொருட்படுத்தாத கல்லூரிகள்கூட, வெளிநாட்டு மாணவர் என்றால் "இவருக்கு எவ்வளவு செலவாகும்" என்று பார்த்தே இடம் தருகின்றன. வெளிநாட்டவருக்கும் அதைப் பார்க்காமல் இடம் கொடுத்து, முழுத் தேவையையும் தரும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன், பிரவுன், வாஷிங்டன் அண்ட் லீ, நோட்ரடாம். இவற்றில் ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன், பிரவுன், வாஷிங்டன் அண்ட் லீ ஆகியவற்றில் ஈடி உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், நோட்ரடாம் ஆகியவற்றில் இருப்பது கட்டுப்படுத்தாத முன்கூட்டிய விண்ணப்பம், இடம் கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம்.

மற்றக் கல்லூரிகளில் உங்களுக்கு ஈடி ஒரு விதத்தில் உதவக்கூடும். உதவிப் பணத்தின் பெரும்பகுதியை ஈடியிலேயே ஒதுக்கிவிடும் கல்லூரிகள் இருக்கின்றன. "எங்களிடம் வந்தே தீருவேன்" என்று சொல்லும் பிள்ளைக்குக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரும். ஆனால் ஒரே ஒரு ஈடிதான் போடமுடியும். இடம் கிடைக்காவிட்டால் ஜனவரித் தொடக்கத்தில் கெடு உள்ள ஈடி2 என்ற இரண்டாம் சுற்று. பல தனியார் கல்லூரிகள் உதவிக்காகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவத்துக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். முடியாவிட்டால் கல்லூரிக்கே எழுதிக் கேளுங்கள், கட்டண விலக்கு தருபவர்கள் உண்டு.

டாலஸ் எச்4 அப்பா:

மகன் இங்கேயே எட்டு வயதிலிருந்து படிக்கிறான். இன்னும் எச்4 (வேலை விசாவில் உள்ளவரின் குடும்பத்துக்குத் தரும் விசா). நாங்கள் எந்தப் பக்கம்?

கணக்குப்பிள்ளை:

மத்திய அரசின் உதவிக்கான ஃபாஃப்சா படிவம் அவனுக்குக் கிடையாது, அதனால் பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை, மாணவர் கடன் எதுவும் இல்லை. தனியார் கல்லூரிகளில் பல அவனை வெளிநாட்டு மாணவர் பட்டியலில்தான் வைக்கும், கோவைத் தம்பிக்குச் சொன்னதே உங்களுக்கும். சில கல்லூரிகள் அமெரிக்காவில் பள்ளி முடித்தவர்களைத் தனியாக நடத்துகின்றன, ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டே ஆகவேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் பல மாநிலங்களில் எச்4 பிள்ளைக்கு உள்ளூர்க் கட்டணம் உண்டு. 21 வயதில் எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறவேண்டி வருமே, அப்போது அந்தக் கட்டணம் நிற்குமா என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

வெறும் வாசகன்:

ஈடியை முறித்தால் ஒன்றும் ஆகாது என்று யாரும் நினைக்கவேண்டாம். டுலேன் பல்கலைக்கழகத்துக்கு ஈடியில் தேர்வான ஒரு மாணவர் பின்வாங்கியதற்காக, கொலராடோவில் ஒரு தனியார் பள்ளியின் பிள்ளைகள் ஓராண்டுக்கு அங்கே ஈடி போடமுடியாது என்று தடை வந்ததாக 2025இல் செய்தி வந்ததே! தண்டனை பின்னால் வரும் பிள்ளைகளுக்கு.

இன்னொரு பக்கம், 2025 ஆகஸ்டில் 32 கல்லூரிகள்மீதும் காமன் ஆப்மீதும் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கும் விழுந்திருக்கிறது. ஈடி மூலம் போட்டியை ஒழித்துக் கட்டணத்தை ஏற்றிவைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு.

பிளேனோவாசி:

நான் அன்றே சொன்னேன்! ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006இல் முன்கூட்டிய சேர்க்கையையே நிறுத்துவதாக அறிவித்தன. வசதியில்லாத பிள்ளைகளுக்கு இது பாதகம் என்று அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். 2011இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது வேறு கதை. இப்போது மிச்சிகனும் ஈடி தொடங்கிவிட்டது, அரசுப் பல்கலைக்கழகம்!

பழைய மாணவி:

முறை நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நானும் சொல்வேன். பிரவுனில் சமீபத்தில் ஈடியில் சுமார் 18 சதவீதம் பேருக்கு இடம், மொத்தத்தில் 6 சதவீதத்துக்கும் கீழே. அந்த 18க்குள் விளையாட்டுக்காக முன்பே பேசிவைத்த பிள்ளைகளும் உண்டு, சாதாரணப் பிள்ளைக்கு அத்தனை பெரிய லாபம் இல்லை. ஆனாலும் ஏதோ லாபம் இருக்கிறது. அதை வசதியுள்ளவர்களுக்கு மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கினால் அநியாயம் கூடத்தானே செய்யும்? எடிசன் அக்காவின் மகள் இந்த வருடம் விண்ணப்பிக்கவேண்டும். வழக்கு முடியும்வரை காத்திருக்கமுடியாது.

அப்புறம், டுலேன் சங்கதி பணம் போதாமல் விலகுபவர்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். உதவி கேட்டு, கடிதம் வாங்கி, முறையீடு செய்து, போதவில்லை என்று எழுத்தில் சொல்லி விலகுவதற்கு ஒப்பந்தமே இடம் கொடுக்கிறது. உதவியே கேட்காமல் ஈடி போட்டுவிட்டுப் பின்னால் பணம் இல்லை என்பவர்கள்பாடுதான் திண்டாட்டம்.

எடிசன் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு கணவரும் நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். மகளின் கல்லூரியில் ஃபிளாட் இல்லாமல் 27,400. ஃபிளாட்டைச் சேர்த்தால் 32,000. கணக்குப்பிள்ளை சார் சொன்ன அளவிலேயே கூடுகிறது. அவளுக்கு இரண்டாவதாகப் பிடித்த கல்லூரி 41,000 காட்டுகிறது. இரண்டும் முழுத் தேவையைத் தருவதாகத்தான் சொல்கின்றன. ஏன் இத்தனை வித்தியாசம்?

தெரிந்தவர் ஒருவர், இந்தியாவில் உள்ள ஃபிளாட் இவர்களுக்கு எப்படித் தெரியும், விட்டுவிடுங்கள் என்கிறார்.

கணக்குப்பிள்ளை:

வித்தியாசம் பெரும்பாலும் நீங்கள் குடியிருக்கும் வீட்டால் வருவது. ஃபாஃப்சா அதைப் பார்ப்பதில்லை. சிஎஸ்எஸ் கேட்கும், அதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பது கல்லூரியின் இஷ்டம். ஹார்வர்ட், பிரின்ஸ்டன் சேர்ப்பதில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் 2025-26இலிருந்து விட்டுவிட்டது. முழுமதிப்பையும் சேர்க்கும் கல்லூரிகளும் உண்டு.

ஃபிளாட்டை மறைக்கும் யோசனை இருக்கட்டும், வாடகை வருமானத்தை உங்கள் வரி ரிட்டர்னில் அதற்கான ஷெட்யூல் ஈ பகுதியில் காட்டியிருக்கிறீர்களா? காட்டியிருந்தால் அந்த ரிட்டர்ன், ஆவணங்களை அனுப்பும் ஐடாக் தளம் வழியாக நேரே கல்லூரிக்குப் போகிறது. காட்டவில்லை என்றால் உங்கள் பிரச்சினை கல்லூரி இல்லை, வருமான வரி. எப்படிப் பார்த்தாலும் உண்மை என்று கையெழுத்திட்டுத் தரும் படிவம் அது. பொய் என்று தெரிந்தால் உதவியும் போகும், இடமும் போகும்.

மாமியாருக்கு அனுப்பும் பணத்தைச் சிஎஸ்எஸில் சிறப்புச் சூழ்நிலைகள் என்ற பகுதியில் எழுதுங்கள், வங்கி ரசீதுகளோடு. ஏற்பது அவர்கள் விருப்பம். எழுதாவிட்டால் தெரியவே தெரியாது.

பழைய மாணவி:

அக்கா, அந்த 32,000 மாணவர் கடனையும் வளாக வேலையையும் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா? கால்குலேட்டரின் கடைசிப் பக்கத்தில் இரண்டும் தனித்தனி வரியில் இருக்கும். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

எடிசன் அம்மா:

இப்போதுதான் பார்த்தேன். கழிக்கும் முன்பு 32,000. கடன் 3,500, வேலை 2,500 என்று கீழே இருக்கிறது. அப்படியென்றால் எங்கள் கையிலிருந்து 26,000.

பிளேனோவாசி:

கடனும் பணம்தான், யாரோ கட்டவேண்டும். பெற்றோர் பெயரில் மத்திய அரசு தரும் பிளஸ் கடனை மட்டும் தொட்டுவிடாதீர்கள். 2026 ஜூலையிலிருந்து புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வேறு. உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் தங்கிப் படித்தால் உங்களுக்கு எவ்வளவு ஆகும்?

எடிசன் அம்மா:

அங்கும் 30,000க்கு மேல்தான் வருகிறது. எங்கள் வருமானத்துக்குப் பெல் கிராண்ட் கிடைக்காது.

பிளேனோவாசி:

அப்படியா. ரட்கர்ஸை விடக் குறைவு என்றால் நான் என்ன சொல்ல. என் கணக்கு டெக்சாஸ் கணக்கு. ஆனால் அந்த 26,000 எழுத்தில் வரும்வரை நம்பாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

அதற்கும் வழி உண்டு. நிதியுதவி அலுவலகத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள்: வெளிநாட்டில் வாடகைச் சொத்து இருக்கிறது, கால்குலேட்டரில் இப்படிப் போட்டோம், சரியா? ஈடிக்கு முன் தோராயம் சொல்லமுடியுமா? சில அலுவலகங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டே தருகின்றன.

மகனையும் மறக்கவேண்டாம். 2029இல் அவன் சேரும்போது மகளுக்குக் கடைசி வருடம். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் படித்தால் சுமையைக் குறைக்கும் கணக்கை ஃபாஃப்சா 2024-25இலிருந்து எடுத்துவிட்டது. சிஎஸ்எஸ் கல்லூரிகளில் பல இன்னும் பார்க்கின்றன. அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

மட்டுறுத்துநர்:

சிலர் வரி ரிட்டர்ன் படங்களை இங்கே ஒட்டுகிறார்கள். நீக்கிவிட்டோம். எண்களை மட்டும் எழுதுங்கள்.

எடிசன் அம்மா:

அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. ஃபிளாட்டோடு சேர்த்து 31,000க்கும் 34,000க்கும் நடுவில் வரும், இது உறுதிமொழி இல்லை என்கிறார்கள். மகன் சேரும் வருடம் மறுபடி கணக்கிடுவார்களாம். 34,000 ஆனாலும் கடனும் வேலையும் போக 28,000. கணவர் ஒப்புக்கொண்டார். மகள் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் கல்லூரிக்கு ஈடி. ரட்கர்ஸின் எர்லி ஆக்ஷனும் நவம்பர் 1தான், அது கட்டுப்படுத்தாது என்பதால் அதையும் போடுகிறோம். மற்றவற்றுக்குக் கட்டுரைகளை இப்போதே எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறோம், டிசம்பர் 15க்கும் ஜனவரி 1க்கும் நடுவில் எழுத முடியாது. 41,000 காட்டிய கல்லூரிக்கு ஈடி2 கிடையாது, ரெகுலர் மட்டும்.

கடைசியாக ஒன்று சார். சிஎஸ்எஸில் ஃபிளாட்டின் மதிப்பு என்று எதைப் போடுவது? பத்திரத்தில் உள்ள விலையா, அரசு வழிகாட்டி மதிப்பா, இன்று விற்றால் கிடைப்பதா?

கணக்குப்பிள்ளை:

இன்று விற்றால் கிடைப்பது. வாங்கிய ஆண்டையும் அன்றைய விலையையும் தனியாகக் கேட்பார்கள். அதன்மேல் கடன் பாக்கி இருந்தால் அதற்கும் ஒரு கட்டம் உண்டு. அதே குடியிருப்பில் அண்மையில் விற்ற ஃபிளாட் என்ன விலைக்குப் போனது என்று அங்கே யாரையாவது விசாரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்டால் காட்டலாம். நிரப்பும் நாளின் மாற்று விகிதத்தில் டாலராக மாற்றுங்கள். ஈடிக்கான சிஎஸ்எஸ் கெடு விண்ணப்பக் கெடுவோடு ஒத்துவராமல் போகலாம், கல்லூரியின் நிதியுதவிப் பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள்.